பெரட்டு

மாசிலாமணிக்குத் தொண்டை கட்டிவிட்டது.
பீடோரில், டயர் கடைக்கும் சீனன் மளிகைக்கும் நடுவே
தகரக் கூரை போட்ட எங்கள் கோயிலில்
வாசிக்க வேறு ஆண் இல்லை அன்று.
பாதிப் பேர் ஓவர்டைம்.
ஒருவர் கண்ணாடியை மறந்தவர்,
ஒருவர் எழுத்தையே மறந்தவர்.
ஐயர் பெண்கள் பக்கம் திரும்பினார்.

எடைமேடையும் செக்ரோலும் என் வேலை, செம்பனை மில்லில்.
காணிக்கைப் புத்தகம் ஐந்து வருடமாய் என் கையெழுத்து,
அடியில் போடும் கையெழுத்து மட்டும்
மாசிலாமணியுடையது.

முக்காட்டை இழுத்துவிட்டு ஏறினேன்.
மைக் என் நெற்றிக்கு நேரே நின்றது.
டிரம் அடிக்கும் பையன் ஓடிவந்து
திருகைத் தளர்த்தி இறக்கினான்.
அன்றைக்கென்று குறித்திருந்த பகுதி:
சபையில் பெண் வாய் திறக்கலாகாதாம்.
சந்தேகம் வந்தால் வீட்டில்
புருஷனைக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம்.

வாசித்தேன்,
ஒரு கமா விடாமல், ஸ்பீக்கர் அதிர.
பேசாதே என்பதை
நான் பேசித்தான் அவர்கள் கேட்க முடிந்தது.
பின்வரிசையில் லோரிக்கார ஞானாபரணம் இருமினார்,
அது இருமல் இல்லை.
ஐயர் கூரையைப் பார்த்தார்.
என் புருஷன் ஜொகூரில் வெல்டர்.
சந்தேகம் கேட்டால்
லைன் சரியில்லை என்பான்.

அன்று அறுப்பின் பண்டிகை. பின்கட்டில் வெங்காயம்.
ஸ்கூல் வேன் ஓட்டும் சந்திரலீலா கேட்டாள்:
"மார்த்தாளைக் கடிஞ்சுக்கிட்டாரே ஆண்டவரு,
அன்னிக்கு ராத்திரி சோறு யாரு போட்டான்னு
எங்கயாவது எழுதியிருக்கா?"
"எழுதுனவன் சாப்பிட்டவன்" என்றாள் பவளக்கொடி,
கத்தியை நிறுத்தாமல்.
விலா எலும்பு பற்றியும் பேச்சு வந்தது.
ஆட்டினுடையது.

என் பெயர் ரோதை.
அப்பா கண்ணை மூடி வேதத்தில் விரல் வைத்த இடம்.
நடுராத்திரி கதவு தட்டியவன் குரலைக் கேட்டு
பேதுரு வந்துவிட்டான் என்று உள்ளே ஓடிய வேலைக்காரி.
அவன் சிறையிலிருந்து வரவேண்டுமென்றே
முழங்காலில் இருந்தவர்கள்
பிதற்றாதே என்றார்கள்.
வெளியே அவன் தட்டிக்கொண்டே நின்றான்.

திங்கள், ஐந்தே முக்கால்.
இருட்டில் மில் வாசலில் பெரட்டு. மண்டோருக்கு லீவு.
சித்தி ரோஹானா. அடா.
நூர்லைலா. அடா.
உதிரிப் பழம் பொறுக்கும் லொம்போக் பெண்கள்,
காலில் ரப்பர் பூட்ஸ், கையில் நேற்றைய முள் காயம்.
கனகாம்புஜம். இருக்கேன்.
இங்கே என் குரல் தாழ்ந்தால்
ஒருத்திக்கு ஒருநாள் சம்பளம் போகும்.

அப்போதுதான் உறைத்தது.
ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில்
அதே பவுல் எடுத்திருக்கிறான் ஒரு பெரட்டு.
பெபேயாள். பிரிஸ்கில்லாள். யூனியா.
திரிபேனாள், திரிபோசாள், பாடுபட்டவர்கள்.
பெர்சியாள், இன்னும் அதிகம் பாடுபட்டவள்.
கடிதத்தைச் சுமந்துபோனவளே பெபேயாள்தான் என்கிறார்கள்.
அங்கே ஒருவன் இதற்கென்ன அர்த்தம் என்று கேட்டபோது
சேலை நுனியைக் கடித்துக்கொண்டா நின்றிருப்பாள்?
தெரியாது. எழுதியில்லை.
அந்தப் பக்கத்துக்கு எங்கள் கோயில் அட்டவணையில்
ஒரு ஞாயிறும் இல்லை.

அடுத்த வாரம் மாசிலாமணிக்குத் தொண்டை திறந்தது.
இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஏறினார்.
மைக்கை உயர்த்தப் பார்த்தார்.
பழைய திருகு, துரு.
இறங்கும்போது இறங்கிவிட்டது, ஏற மாட்டேன் என்கிறது.
டிரம் பையன் கைக்குட்டை சுற்றி முறுக்கினான்,
எண்ணெய் கேட்டான்,
பிறகு கையை விரித்தான்.
சபை காத்திருந்தது.

ஆறடி ஆள்,
என் வாய் இருந்த உயரத்துக்குக் குனிந்து
வாசிக்கத் தொடங்கினார்.